மொட்டை மாடியிலிருந்து நெபுலா: காசை எதில் போடுவது?

நிலாவையும் வியாழனையும் தாண்டி நெபுலா (விண்வெளி வாயு மேகம்), கேலக்சி (நட்சத்திரக் கூட்டம்) என்று தொலைதூர வானத்தைப் படம் பிடிக்க ஆசைப்படுபவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் ஐந்தை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஈரோட்டில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். என்னிடம் ஒரு டிஎஸ்எல்ஆர் கேமராவும், 18-55, 55-250 என்று இரண்டு லென்ஸ்களும் உள்ளன. ஓரியன் நெபுலாவை நானே படம் எடுத்து மாணவர்களுக்குக் காட்ட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. 70 மி.மீ. டெலஸ்கோப் ஒன்றை '525 மடங்கு பெரிதாக்கும்' என்று ஆன்லைனில் விற்கிறார்கள். மொத்தமாக 60,000 ரூபாய் வரை செலவு செய்ய முடியும். அதை வாங்கலாமா?

பதில்: வேண்டாம் சார். அந்த 525 என்ற எண்ணை மறந்துவிடுங்கள். ஒரு டெலஸ்கோப்பின் முன்பக்கக் கண்ணாடி எத்தனை மில்லிமீட்டரோ அதைப் போல இரண்டு மடங்குதான் உருப்படியான பெருக்கத்துக்கு எல்லை. 70 மி.மீ. என்றால் 140. அதற்கு மேல் போனால் பெரிதாகத் தெரியும், கலங்கித் தெரியும்.

நீங்கள் எடுக்க நினைக்கும் படத்துக்குப் பெருக்கமே தேவையில்லை என்பதைத்தான் விற்பவர்கள் சொல்வதில்லை. ஓரியன் நெபுலா வானத்தில் இரண்டு முழுநிலவு அகலத்துக்குப் பரந்து கிடக்கிறது. ஆண்ட்ரோமீடா கேலக்சியின் நீளத்துக்கு ஆறு நிலவுகளை வரிசையாக வைக்கலாம். இவ்வளவு பெரியவை நம் கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியாததற்குக் காரணம் மங்கல். மங்கலானதைப் படம் பிடிக்க ஒளியை நிமிடக் கணக்கில், மணிக் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்த நேரம் முழுக்கப் பூமி சுழன்றுகொண்டே இருக்கிறது.

ஒரு கணக்கு பாருங்கள். அந்த 70 மி.மீ. டெலஸ்கோப்பின் குவியத்தூரம் (லென்ஸிலிருந்து பிம்பம் விழும் இடம் வரையான தூரம்) 700 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கேமராவின் பிக்சல் 4 மைக்ரான் என்றால், ஒரே வினாடியில் நட்சத்திரம் சுமார் 13 பிக்சல் நகர்ந்துவிடும். புள்ளியாக விழ வேண்டியது அரிசி மணி போல நீண்டுவிடும். அதனால் காசைப் போட வேண்டிய முதல் இடம் டெலஸ்கோப்பைத் தாங்கி, வானத்தோடு சேர்ந்து திரும்புகிற மவுண்ட்தான்.

உங்கள் தொகைக்குள் ஒரு ஸ்டார் டிராக்கர் வாங்கலாம். கேமரா ஸ்டாண்டில் பொருத்தும் சின்ன மோட்டார் பெட்டி அது. துருவ நட்சத்திரத்தை நோக்கி வைத்துவிட்டால் 23 மணி 56 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்ற வேகத்தில் கேமராவைத் திருப்பும். ஸ்கை-வாட்சர் ஸ்டார் அட்வென்ச்சர் வகைகள் 5 கிலோ வரை தாங்கும் என்கிறார்கள். மவுண்டில் எழுதியிருக்கும் எடையில் பாதி, மிஞ்சிப் போனால் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் ஏற்றுவது படம் எடுப்பவர்களின் வழக்கம். உங்கள் கேமராவும் 55-250 லென்ஸும் அதற்குள் வசதியாக அடங்கும்.

லென்ஸை 200 மி.மீ.யில் வைத்து, ஒரு நிமிடம் வீதம் நூறு படம் எடுங்கள். நெபுலாவின் நடுப்பகுதி வெளுத்துவிடும் என்பதால், ஐந்து வினாடிப் படங்கள் இருபது தனியாக எடுத்து வையுங்கள். அப்புறம் எல்லாவற்றையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். படங்கள் நான்கு மடங்கானால் இரைச்சல், அதாவது படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான கலங்கல், பாதியாகும். சிரில், டீப்ஸ்கைஸ்டாக்கர் என்ற இரண்டு மென்பொருள்களும் இலவசம். டெலஸ்கோப்பே இல்லாமல் உங்கள் ஓரியன் கைக்கு வந்துவிடும்.

வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: "இதை எத்தனை டிகிரி வரை தாழ்த்தலாம்?" ஈரோட்டில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 11 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் ஏறக்குறைய அந்த முஷ்டியின் அளவுதான். இணையத்தில் நாம் படிக்கிற மதிப்புரைகளை எழுதுபவர்களில் பலர் 40, 50 டிகிரி அட்சரேகையில் இருப்பவர்கள். அவர்களுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது.

எனக்கு வந்தது. மவுண்டின் வடக்குக் காலை வடக்கு நோக்கி வைக்கச் சொல்லியிருந்தது கையேடு. அப்படியே வைத்தேன். இரவு இரண்டு மணிக்கு 'டக்' என்று ஒரு சத்தம், தொடர்ந்து மோட்டார் முனகியது. டார்ச் அடித்துப் பார்த்தால், டெலஸ்கோப்பின் எடைக்கு ஈடாக மறுபக்கம் தொங்கும் எதிர்எடைக் கட்டி வடக்குக் காலில் முட்டிக்கொண்டு நிற்கிறது, காலில் விரல் நீளத்துக்குக் கீறல். துருவ நட்சத்திரத்தை நோக்கும் சுழல் அச்சு ஏறக்குறையப் படுத்த நிலையில் இருப்பதால் நம் ஊரில் எதிர்எடை காலை ஒட்டியே தொங்குகிறது. ஸ்டாண்டைத் திருப்பி, வடக்குப் பக்கம் இரண்டு கால்களுக்கு நடுவே இடைவெளி வருகிற மாதிரி வைத்தபின் சரியானது. பெரிய மவுண்ட் வாங்குபவர்கள் உயரம் கூட்டும் தூணுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியோ தென்னையோ துருவ நட்சத்திரத்தை மறைத்தால், வானத்தின் வேறு பகுதியைப் படம் எடுத்தே அச்சைச் சரிசெய்யும் வசதி நினா என்ற இலவச மென்பொருளில் உண்டு. அதற்கு மட்டும் கணினியோடு இணையும் மவுண்ட் இருந்தால் வேலை சுலபம்.

தாழ்ந்த அட்சரேகையில் லாபமும் இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் தெற்கே கரினா நெபுலாவும் ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்தும் உங்கள் மாடிக்கு வரும். லண்டனில் இருப்பவருக்கு அவை அடிவானத்துக்கு மேலே ஏறுவதே இல்லை.

கேள்வி: சென்னையில் அடுக்குமாடியில் இருக்கிறோம். என் மகளுக்கு 12 வயது. போனிலேயே இயங்கும் ஸ்மார்ட் டெலஸ்கோப் வாங்கலாமா, அல்லது சரியான டெலஸ்கோப், மவுண்ட், கேமரா என்று தனித்தனியாகச் சேர்க்கலாமா?

பதில்: உங்கள் நிலைமையில் நான் ஸ்மார்ட் டெலஸ்கோப் பக்கம்தான். உதாரணத்துக்கு சீஸ்டார் எஸ்50: 50 மி.மீ. லென்ஸ், 250 மி.மீ. குவியத்தூரம், எடை இரண்டரைக் கிலோ. மாடியில் வைத்து போனில் 'ஓரியன் நெபுலா' என்று தொட்டால் தானே தேடிப் பிடித்து, பத்து பத்து வினாடிப் படங்களாக எடுத்து, தானே அடுக்கிக் காட்டும். ஒவ்வொரு நிமிடமும் படம் தெளிந்துகொண்டே வருவதைக் குழந்தை பக்கத்தில் இருந்து பார்க்கலாம். தனித்தனியாகச் சேர்க்கிற வழியில் நல்ல மவுண்ட் மட்டுமே லட்சத்தை ஒட்டிப் போகும். முதல் படம் வரும் முன் வடங்களோடும் மென்பொருளோடும் பல இரவுகள் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். 12 வயதுப் பிள்ளையின் ஆர்வம் அதுவரை தாங்க வேண்டுமே.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கண் வைத்துப் பார்க்க இதில் இடமே இல்லை, சனியின் வளையத்தைக் கண்ணால் பார்க்கிற சிலிர்ப்பு கிடைக்காது. கேமரா இரண்டு மெகாபிக்சல்தான், அதை மாற்றவும் முடியாது. சுவருக்குப் பெரிதாக அச்சுப் போட நினைத்தால் ஏமாற்றமாக இருக்கும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் கையில் வாங்கி வரச் சொன்னால் விலை குறையலாம், ஆனால் பழுதானால் இங்கே யார் பார்ப்பார்கள் என்பதை முதலில் விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: மதுரையில் தெருவிளக்கு வெளிச்சம் அதிகம். ஒளி மாசு ஃபில்டர் வாங்கினால் தீருமா?

பதில்: எதை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஹைட்ரஜன் 656, ஆக்சிஜன் 501 நானோமீட்டர் அலைநீளங்களில் ஒளிர்கின்றன. அந்த இரண்டை மட்டும் விடும் டூயல் பேண்ட் ஃபில்டர், ஒளிரும் நெபுலாக்களுக்கு நகரத்திலும் நன்றாக வேலை செய்யும். கேலக்சியின் ஒளி எல்லா நிறமும் கலந்தது, அதற்கு இந்த ஃபில்டரால் பெரிய பயனில்லை. அந்தக் காசுக்கு அமாவாசையை ஒட்டி ஊருக்கு வெளியே இரண்டு முறை போய் வரலாம்.

கேள்வி: பழைய டெலஸ்கோப் பாதி விலைக்குக் கிடைக்கிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: பூஞ்சை. நம் ஊர் ஈரப்பதத்தில் முதல் எதிரி அதுதான். நான் ஒருமுறை பகல் வெளிச்சத்தில் பார்த்து, கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது என்று பணம் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து இருட்டில் ஒரு முனையிலிருந்து டார்ச்சைச் சாய்த்து அடித்தபோதுதான் ஓரத்திலிருந்து நூல் நூலாகச் சிலந்தி வலை போலப் படர்ந்திருந்தது தெரிந்தது. லென்ஸின் மேல்பூச்சை அரித்துவிட்டால் துடைத்தாலும் தழும்பு போகாது. அதனால் இருட்டிய பிறகு போங்கள், டார்ச்சோடு போங்கள். மவுண்ட் என்றால் மின்சாரம் கொடுத்து இரண்டு அச்சையும் ஒரு முழுச் சுற்று ஓட்டிப் பாருங்கள். வாங்கிய பின் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு, மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.

கேள்வி: 'டிஎஸ்எல்ஆர் பொருத்திப் படம் எடுக்கலாம்' என்ற விளம்பரத்தைப் பார்த்து ஆன்லைனில் 130 மி.மீ. நியூட்டோனியன் டெலஸ்கோப் வாங்கினேன். கேமராவைப் பொருத்தினால் நிலாகூட ஃபோகஸ் ஆகவில்லை. விற்பனையாளர் 'உங்களுக்கு உபயோகிக்கத் தெரியவில்லை' என்று திருப்பி எடுக்க மறுக்கிறார். (திருநெல்வேலி வாசகி)

பதில்: உங்கள் மேல் தப்பில்லை அம்மா. டிஎஸ்எல்ஆர் கேமராவும் இணைப்பு வளையமும் சேர்ந்தால் சென்சார் சுமார் 55 மி.மீ. பின்னால் போய் உட்காருகிறது. கண்ணால் பார்ப்பதற்கென்றே செய்த பல நியூட்டோனியன்களில் (லென்ஸுக்குப் பதில் குழிந்த கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் டெலஸ்கோப்கள்) குவியம் அவ்வளவு தூரம் வெளியே வராது. ஃபோகஸரை (ஃபோகஸ் செய்ய உள்ளே வெளியே நகரும் குழாய்) முழுக்க உள்ளே தள்ளியும் "இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் சரியாகிவிடும்" என்று தோன்றினால் இதுதான் காரணம். பெருக்கத்தைக் கூட்டும் துணை லென்ஸான 'பார்லோ லென்ஸ் போடுங்கள்' என்பார்கள். ஃபோகஸ் ஆகும், ஆனால் இரண்டு மடங்கு பார்லோவில் நெபுலாவுக்கு நான்கு மடங்கு நேரம் ஒளி சேர்க்க வேண்டும்.

நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள், 2020 உங்கள் பக்கம் இருக்கிறது. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லை என்றால், திருப்பி எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. விளம்பரப் பக்கத்தை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், நாளைக்கு அந்த வரி அங்கே இல்லாமல் போகலாம். ஃபோகஸரை முழுக்க உள்ளே தள்ளிய நிலையில் நிலா கலங்கித் தெரிவதை ஒரே வீடியோவாக எடுங்கள். இரண்டையும் வைத்து முதலில் எழுத்தில் பணம் கேளுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் சரி. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அதுவரை அட்டைப் பெட்டியையும் தெர்மாக்கோலையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டெலஸ்கோப்பைத் திருப்பி அனுப்பும்போது அதே பெட்டியில்தான் அனுப்பியாக வேண்டும்.