தங்கையை நான்கு வாரம் இங்கிலாந்துக்கு அனுப்பலாமா, ஆன்லைன் கூட்டு வகுப்பே போதுமா?

தம்பி, இங்கிலாந்தின் லெஸ்டருக்கு வந்து இறங்கிய கையோடு, நர்ஸாகப் பதிவு பெற எழுத வேண்டிய ஆஸ்கி என்ற செயல்முறைத் தேர்வுக்குப் பயிற்சி. அதற்கு நடுவிலும் ஊரில் இருக்கிற தங்கையைப் பற்றி யோசிக்கிறீர்கள், நல்லது. மற்றவர்களுக்கும் புரிய உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தங்கை நாகர்கோவிலில் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு. அவள் கல்லூரி ஓர் இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆறு வாரம் ஆன்லைனில் கூட்டு வகுப்பு நடத்தப் போகிறது. இன்னொரு பக்கம் ஓர் ஏஜென்ட், இங்குள்ள ஆஸ்பத்திரியில் நான்கு வாரம் ‘அப்சர்வர்ஷிப்’ என்று சொல்லி லட்சங்களில் பணம் கேட்கிறார். அப்பா நகையை அடகு வைக்கத் தயாராகிவிட்டார். ஆன்லைன் வகுப்பு அதற்கு ஈடாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நகையை வைக்க வேண்டாம் என்று முதலில் அப்பாவுக்குப் போன் போடுங்கள். விசிட்டர் விசாவில் வரும் நர்சிங் மாணவி இங்கே நோயாளிக்கு எந்தச் சிகிச்சையும் செய்யக் கூடாது. விதியே அதுதான். நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். என் வார்டுக்கும் அப்படிப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். பாவம், இரண்டாவது வாரமே சலித்துப்போய் ஸ்டோர் ரூமில் சாமான் அடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். எங்களுக்கு இருக்கிற வேலை நெரிசலில் பக்கத்தில் உட்கார்ந்து விளக்க யாருக்கும் நேரம் கிடையாது. லண்டனில் எடுத்த போட்டோ மட்டும் நன்றாக வந்திருக்கும்.

கூட்டு வகுப்பு விஷயம் வேறு. இதைக் ‘காயில்’ (COIL) என்பார்கள், இணையவழியில் வெளிநாட்டு மாணவர்களோடு சேர்ந்து கற்பது. நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம் 2006-இல் இதற்கென்றே ஒரு மையம் தொடங்கியது. கொரோனா காலத்தில் வெளிநாட்டுப் பயணம் நின்றுபோனதும் பல கல்லூரிகள் இந்தப் பக்கம் திரும்பின. இரண்டு நாட்டு ஆசிரியர்களும் சேர்ந்து பாடத்தை வகுப்பார்கள். மாணவர்களைக் கலந்து சிறு குழுக்களாகப் பிரித்து ஒரு வேலையைக் கொடுப்பார்கள். அதைச் சேர்ந்துதான் முடிக்க வேண்டும். இங்கிருந்து ஒருவர் ஸ்லைடு போட்டு ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனால் அது வெறும் வெபினார். தங்கையின் கல்லூரி நடத்தப்போவது இதில் எது என்று விசாரியுங்கள். வெபினார் என்றால் நான் இனிச் சொல்லப்போவது எதுவும் பொருந்தாது.

குழுவுக்கு ஒரு கேஸ் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 72 வயதுப் பெரியவர், குடலில் புற்றுநோய் என்று ரிப்போர்ட். நம் ஊரில் மூத்த மகன் டாக்டரைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டு, “அப்பாகிட்ட சொல்ல வேண்டாம் சார், அல்சர்னு சொல்லிடுங்க” என்பார். டாக்டரும் பல சமயம் தலையாட்டிவிடுவார். நர்ஸ் அதற்கேற்ப முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே அந்த மகனிடம் விவரம் சொல்வதற்கே பெரியவரின் சம்மதம் வேண்டும். வயதுவந்த யாரையும் தன் முடிவைத் தானே எடுக்கக்கூடியவராகத்தான் கருத வேண்டும், இல்லை என்றால் அதை நிரூபிக்க வேண்டும் என்கிறது 2005-ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம். புத்தகத்தில் இது ஒரு வரி. தன் வயதுப் பெண் ஒருத்தி திரையில், “அப்படியானால் நோயாளியிடம் பொய் சொல்வீர்களா?” என்று கேட்டு, தங்கை பதிலுக்குத் திணறினால்தான் உறைக்கும். அவளும் திருப்பிக் கேட்கட்டும்: புற்றுநோய் என்று கேட்ட ராத்திரி அந்தப் பெரியவர் பக்கத்தில் யார் இருப்பார்கள்? நம் ஊர் போலக் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுக்கும் வழக்கம் இங்கே இல்லை. விசிட்டிங் நேரம் முடிந்தால் பெரும்பாலும் தனிமைதான். இதற்கு இங்குள்ள பிள்ளைகளிடமும் சட்டென்று பதில் வராது.

வாங்கிக்கொள்ள மட்டும் தங்கை அங்கே உட்கார வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருவதை அவள் எடுத்துச் சொல்லலாம். கேட்கிறவர்கள் ஆயிரம் கேள்வி கேட்பார்கள்.

திரை தராததும் இருக்கிறது. இங்கே மூச்சு, ஆக்சிஜன், பிரஷர், நாடி, நினைவு, காய்ச்சல் என்று மதிப்பெண் போட்டு, கூட்டல் 7-ஐத் தொட்டால் அவசர அழைப்பு. இதைத்தான் நியூஸ் (NEWS) சார்ட் என்பார்கள், நீங்களும் தினமும் போடுகிறீர்கள், தெரியும். சார்ட்டை ஆன்லைனில் அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். நடுராத்திரி ரிஜிஸ்ட்ரார் என்ற மூத்த டாக்டரிடம் “இப்பவே வாங்க” என்று சொல்லும் துணிச்சல் பொறுப்பை ஏற்று வார்டில் நின்றால்தான் வரும். ஓரமாக நின்று பார்க்கும் அப்சர்வருக்கும் அது வராது. இங்கே நர்சிங் பட்டத்துக்கு 4,600 மணி நேரம், அதில் பாதி செயல்முறை. அந்த 2,300-லும் சிமுலேஷனுக்கு, அதாவது நிஜ நோயாளி இல்லாத பாவனைப் பயிற்சிக்கு, 600 வரைதான் இடம்.

சான்றிதழ் ஆசையையும் விட்டுவிடச் சொல்லுங்கள். இங்கே நர்ஸாக வேலை செய்ய என்.எம்.சி. என்ற நர்சிங் கவுன்சிலில் பதிவு வேண்டும், அதற்கு இந்த இரண்டு சான்றிதழாலும் பயனில்லை. என்னென்ன வேண்டும் என்று உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியுமே. நகைக்கு வேலை வந்தால் ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வு, சி.பி.டி. என்ற கணினித் தேர்வு இவற்றின் கட்டணத்துக்கு வரட்டும். பிறகு எம்.எஸ்சி.க்கு வரலாமா என்று கேட்பாள். பதிவுக்குத் தகுதி தரும் (ப்ரீ-ரிஜிஸ்ட்ரேஷன்) படிப்பு என்று தெளிவாகச் சொல்லாத எம்.எஸ்சி. முடித்தால் பட்டம் கிடைக்கும், அதை வைத்துப் பதிவு கிடைக்காது. கடன் வாங்கி வந்து அப்புறம் தெரிந்துகொள்கிறவர்கள் நிறையப் பேர்.

வகுப்பில் கேமராவை அணைத்துவிட்டு வாய் திறக்காமல் இருந்தால் ஆறு வாரமும் வீண். நம் பிள்ளைகள் இங்கிலீஷ் பயத்தில் அதைத்தான் செய்வார்கள். நிஜ நோயாளியின் பெயர், போட்டோ எதையும் குழுவில் போட வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு இங்கே கடிகாரம் மாறும், நான்கரை மணி நேர வித்தியாசம் ஐந்தரை ஆகும், வகுப்பைத் தவறவிடக் கூடாது. முதல் இரண்டு வாரம் வகுப்புக்கு முந்தின நாள் நீங்களே வீடியோ காலில் அந்தக் கேஸை அவளோடு இங்கிலீஷில் பேசிப் பாருங்கள். உங்கள் ஆஸ்கிக்கும் உதவும்.