வாசகர் கேள்வி பதில்: ஆய்வகத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

கேள்வி: சைக்காலஜி என்றால் மற்றவர்களின் மனக்கஷ்டத்தைக் கேட்டு ஆறுதல் சொல்லும் படிப்பு என்று நினைத்திருந்தேன். நான் சேர நினைக்கும் தனியார் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தில் எக்ஸ்பெரிமென்டல் சைக்காலஜி, புள்ளியியல் என்றே வருகிறது. அப்பா சிறு தேயிலை விவசாயி. பச்சைத் தேயிலைக்கு என்ன விலை கிடைக்கிறது என்று உங்களுக்கே தெரியும். சேரலாமா மேடம்?
- மாணவி, கோத்தகிரி

பதில்: அதைப் பார்த்துப் பயப்படாதேம்மா, பாடத்திட்டம் அப்படி இருப்பது நல்ல அறிகுறி. 1879இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் உளவியல் ஆய்வகம் தொடங்கிய காலத்திலிருந்தே இந்தத் துறை நிற்பது சோதனையின் மேல்தான். வகுப்பில் இருவர் இருவராக உட்காருவீர்கள், ஒருவர் சோதனை நடத்துவார், மற்றவர் அதற்கு உட்படுவார், அடுத்த வாரம் இடம் மாறிக்கொள்வீர்கள். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் வரைவது, விளக்கு எரிந்ததும் எவ்வளவு நேரத்தில் பொத்தானை அழுத்துகிறோம் என்று அளப்பது, அர்த்தமில்லாத எழுத்துக் கோவைகளை மனப்பாடம் செய்வது என்று போகும். எல்லாவற்றையும் ரெக்கார்டு நோட்டில் எழுதி, வந்த வித்தியாசம் தற்செயலா இல்லையா என்று கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.

இந்தப் படிப்புக்கும் உன் ஊருக்கும் பழைய உறவு உண்டு. கேம்பிரிட்ஜில் சோதனை உளவியல் கற்பித்த ரிவர்ஸ் 1901-02இல் நீலகிரிக்கு வந்து தோடர்களிடம் பார்வைச் சோதனைகள் நடத்தினார், முடிவுகள் 1905இல் வெளிவந்தன. சம நீளமுள்ள இரண்டு கோடுகளில் ஒன்றின் முனைகளில் அம்புக்குறி உள்நோக்கியும் மற்றதில் வெளிநோக்கியும் மடங்கியிருந்தால் ஒன்று நீளமாகத் தெரியும், முல்லர்-லயர் மாயத்தோற்றம் என்பார்கள். அதில் ஆங்கிலேயர்கள் ஏமாந்த அளவுக்குத் தோடர்கள் ஏமாறவில்லை. ஆனால் கிடைக்கோட்டைவிடச் செங்குத்துக்கோடு நீளமாகத் தெரியும் இன்னொரு மாயத்தோற்றத்தில் தோடர்கள்தான் கூடுதலாக ஏமாந்தார்கள். முதல் மாயத்தோற்றத்தில் ஆங்கிலேயர்கள் அதிகம் ஏமாறுவதற்கு, மூலையும் நேர்கோடுமாக இருக்கும் கட்டடங்களுக்குள் வளர்வதுதான் காரணம் என்று பின்னாளில் ஒரு விளக்கம் வந்தது (தோடர்களின் பழைய வீடுகள் வளைந்த கூரை கொண்டவை என்பதை நீயே பார்த்திருப்பாய்), அதை மறுப்பவர்களும் உண்டு. கேள்வி இன்னும் முடியவில்லை. நம் கண் பார்ப்பதையே நம் சூழல் மாற்றுகிறதா என்று ஒரு அட்டையையும் அளவுகோலையும் வைத்துக் கேட்க முடிகிறதே, அதற்காகவே இந்தப் படிப்பு எனக்குப் பிடிக்கும்.

இனி பணம். தனியார் பல்கலைக்கழகம் என்பதற்காக ஒதுக்கவும் வேண்டாம், பளபளப்பான கட்டடத்தைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். முதலில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார். அப்பாவோடு நேரில் போய், சைக்காலஜி லேபைக் காட்டுங்கள் என்று கேள். கருவிகள் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தால், வாரத்துக்கு எத்தனை மணி பிராக்டிகல் என்று தெளிவாகப் பதில் வராவிட்டால், திரும்பி வந்துவிடு. மூன்றாம் ஆண்டு மாணவிகளிடம் அவர்களுடைய புராஜெக்ட் என்ன என்று கேள், அதிலேயே பாதி தெரிந்துவிடும். ஹாஸ்டல், மெஸ், தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து மூன்று வருடத்துக்கு எழுத்தில் வாங்கிக்கொள். அப்புறம், சென்னை மாநிலக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரியிலும் உளவியல் இருக்கிறது, அதற்கும் விண்ணப்பம் போட்டு வை.

கேள்வி: மகள் பி.எஸ்ஸி. சைக்காலஜி முடித்ததும் மனநல ஆலோசகராக உட்கார முடியுமா? தபாலில் படித்தால் செலவு குறையுமே?
- ஒரு தாய், கூடலூர்

பதில்: இளநிலைப் பட்டம் மட்டும் போதாதுங்க. மனநலச் சிகிச்சை தரும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக மேற்படிப்பும் மறுவாழ்வுக் கவுன்சிலான ஆர்சிஐயின் பதிவும் வேண்டும். தபால் வழியிலும் ஆன்லைனிலும் உளவியல் பட்டப்படிப்புக்குப் புதிய சேர்க்கை கூடாது என்று 2025இல் யுஜிசி சொல்லிவிட்டது, யாராவது இடம் இருக்கிறது என்று அழைத்தால் பணம் கட்டாதீர்கள். சிகிச்சை பக்கம் போக விருப்பமில்லை என்றால் மனம் எப்படி அறிகிறது, நினைக்கிறது என்று ஆராயும் காக்னிட்டிவ் சயின்ஸ் இருக்கிறது, ஐஐடி காந்திநகரில் அதற்கு எம்.எஸ்ஸி. உண்டு.

கேள்வி: பிளஸ் டூவில் கணக்கு இல்லை. சமாளிக்க முடியுமா?
- மாணவர், கொடைக்கானல்

பதில்: முடியும். புள்ளியியலைச் சராசரியிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். சேர்வதற்கு முன் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள் தம்பி: சிவப்பு, பச்சை, நீலம் என்ற சொற்களை வேறு வேறு நிற மையில் எழுதி, சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். இன்னொரு தாளில் அதே நிறங்களில் வெறும் புள்ளிகள். வீட்டில் இருப்பவர்கள், நண்பர்கள் என்று பத்துப் பேருக்கு இரண்டு நேரத்தையும் போனில் அளந்து எழுதுங்கள். 1935இல் ஸ்ட்ரூப் என்ற உளவியலாளர் வெளியிட்ட சோதனையின் எளிய வடிவம் இது. அந்த எண்களை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்க உட்காரப் பிடித்திருந்தால் தாராளமாகச் சேருங்கள்.