ஒரே தரவுத்தளத்தில் பல வாடிக்கையாளர்கள்: ஒரு நெடுவரிசை போதுமா?

எல்லா வாடிக்கையாளர்களின் தரவையும் ஒரே தரவுத்தளத்தில் வைத்து, ஒவ்வொரு அட்டவணையிலும் ‘வாடிக்கையாளர் எண்’ என்று ஒரு நெடுவரிசை சேர்த்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் இரண்டு மூன்று பேர் கொண்ட குழு, முதல் சில வாடிக்கையாளர்கள் இப்போதுதான் வந்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்த நெடுவரிசை கட்டாயம் வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. போதும் என்று நம்பிய குழுவில் நானும் இருந்தேன்.

எங்களுடையது பில் போடும் மென்பொருள். தரவுத்தளத்திடம் கேட்கும் ஒவ்வொரு வினவலிலும் வாடிக்கையாளர் எண்ணை நிபந்தனையாகச் சேர்ப்பது எங்கள் பழக்கம். நான்கு ஆண்டுகள் அந்தப் பழக்கமே எங்களைக் காப்பாற்றியது. பிறகு ஒரு மாதாந்திர அறிக்கைக்காக பில் அட்டவணையையும் வரவு அட்டவணையையும் பில் எண்ணைக் கொண்டு இணைத்தபோது, வரவு அட்டவணைக்கு மட்டும் அந்த நிபந்தனை விடுபட்டது. 1001 என்ற பில் எண் எல்லோரிடமும் உண்டு. சோதனைத் தரவில் ஒரே ஒரு வாடிக்கையாளர்தான் இருந்தார் என்பதால் எந்தச் சோதனையும் தோற்கவில்லை. மறுநாள் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, “இந்தப் பெயரில் எங்களிடம் யாரும் பொருள் வாங்கியதே இல்லையே, யார் இவர்?” என்று கேட்டார். அவர் கேட்ட பெயர், அதே தொழிலில் இருக்கும் அவருடைய போட்டியாளரிடம் பொருள் வாங்குபவருடையது.

அதன் பிறகுதான் நாங்கள் பயன்படுத்தும் தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸின் ‘ரோ லெவல் செக்யூரிட்டி’க்கு மாறினோம். 2016இல் வந்த 9.5 பதிப்பிலிருந்தே அது இருக்கிறது. எந்த வரிசையை யார் பார்க்கலாம் என்ற விதியை அட்டவணையிலேயே எழுதிவிடலாம். நிரலில் நிபந்தனை விடுபட்டாலும் தரவுத்தளமே தடுத்துவிடும். எல்லா அட்டவணைகளிலும் விதி எழுதி முடிக்க இரண்டு வாரம் ஆயிற்று. மனம் ஒப்பாமல், நிபந்தனையே இல்லாத ஒரு வினவலை வேண்டுமென்றே ஓட்டிப் பார்த்தேன். அனைவரின் பில்களும் வந்து விழுந்தன!

காரணம் எளியது. அட்டவணைகளை உருவாக்கிய அதே பயனர் கணக்கில்தான் எங்கள் செயலியும் இணைந்துகொண்டிருந்தது. அட்டவணையின் உரிமையாளரை இந்த விதிகள் கட்டுப்படுத்தாது. ‘ஃபோர்ஸ்’ என்று தனியாகச் சொன்னால்தான் கட்டுப்படுத்தும். எல்லா அதிகாரமும் உள்ள சூப்பர்யூசர் கணக்கை அதுவும் கட்டுப்படுத்தாது. செயலிக்கென்று எந்த அட்டவணைக்கும் உரிமையாளராக இல்லாத தனிக் கணக்கு உருவாக்குங்கள். இணைப்புகளைப் பலர் மாறி மாறிப் பயன்படுத்தும் ஏற்பாடு இருந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு: விதி பார்ப்பதற்காக இணைப்பில் ஒருவருக்கு அமைத்த வாடிக்கையாளர் எண் அதே இணைப்பில் அடுத்தவருக்கும் தங்கிவிடும். பரிவர்த்தனைக்குள் (ஒரே தொகுப்பாக நடக்கும் தரவுத்தளச் செயல்கள்) ‘செட் லோக்கல்’ கட்டளை கொண்டு அமைத்தால் பரிவர்த்தனை முடிந்ததும் அது போய்விடும். ஓர் அட்டவணையின் வரிசை இன்னோர் அட்டவணையின் வரிசையைச் சுட்டுவதே அயல் சாவி; அதன் சரிபார்ப்பும் இந்த விதிகளைப் பார்ப்பதில்லை. எனவே அயல் சாவியிலும் வாடிக்கையாளர் எண்ணைச் சேர்த்துவிடுங்கள்.

ஆளுக்கொரு தரவுத்தளம் வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை என்று சிலர் சொல்வார்கள். பத்து வாடிக்கையாளர் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆயிரம் பேர் ஆகும்போது ஒரு நெடுவரிசை சேர்ப்பதையே ஆயிரம் முறை செய்ய வேண்டும். நடுவில் நாற்பது தோற்றுவிட்டால் எது எந்த நிலையில் இருக்கிறது என்று தேடவேண்டும். ஒரே தரவுத்தளத்தில் இப்படி விதிகள் வைத்தால் வேகம் குறையும் என்பார்கள். தேடலை வேகப்படுத்தும் குறியீடுகளில் (இண்டெக்ஸ்) வாடிக்கையாளர் எண்ணை முதலில் வைத்த பிறகு எங்களுக்கு அந்தக் குறை தெரியவில்லை. இன்னொரு தரவுத்தள மென்பொருளான மைஎஸ்க்யூஎல்லில் இந்த ‘ரோ லெவல் செக்யூரிட்டி’ வசதியே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சம்பவத்தைப் பற்றிய உள்அறிக்கையில் ‘தனிநபர் கவனக்குறைவு’ என்று எழுதி, வினவலை எழுதிய பெண்ணின் பெயரைப் போட்டார்கள். அவர் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அந்த வினவலைப் படித்து ஒப்புதல் அளித்தவன் நான். என் பெயர் அந்த அறிக்கையில் இல்லை. சேர்க்கச் சொல்லி இரண்டு முறை எழுதினேன், சேர்க்கவில்லை. அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். இன்றும் எனக்கு அது ஆறவில்லை.

இன்றே ஒன்று செய்யுங்கள். சோதனைத் தரவில் ஒரே பில் எண்கள் கொண்ட இரண்டு வாடிக்கையாளர்களை உருவாக்கி, செயலியின் கணக்கிலேயே இணைந்து, முதலாமவரின் வாடிக்கையாளர் எண்ணை அமைத்து, நிபந்தனை இல்லாமல் பில்களைக் கேட்டுப் பாருங்கள். இரண்டாமவரின் ஒரு வரிசை வந்தாலும் புதிய வாடிக்கையாளர் யாரையும் சேர்க்காதீர்கள்.