டிராக்டர் பட்டறை: ஊற்றாமலே ஏறும் ஆயில்

பழைய டிராக்டர்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு தர்மபுரி மெக்கானிக் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: ஐயா, அப்பா வாங்கிய மேசி பெர்குசன் 1035 இன்னும் எங்களிடம் ஓடுகிறது. மூன்று மாதம் முன்பு ஆயில் மாற்றினேன். அதற்குப் பிறகு ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. ஆனால் ஆயில் அளவு பார்க்கும் குச்சியில் மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரல் அளவு ஏறி நிற்கிறது. நிறம் கருப்புதான். "ஆயிலே குடிக்காத இன்ஜின்" என்று பக்கத்துக் காட்டுக்காரர் மெச்சுகிறார். அப்படியே ஓட்டலாமா?
— காரிமங்கலம் வாசகர்

பதில்: மெச்சுகிறவர் மெச்சட்டும், தம்பி, நீங்கள் வண்டியை நிறுத்துங்கள். ஆயில் குறைந்தால் எங்கேயோ போகிறது. ஊற்றாமல் ஏறினால் வேறு ஏதோ உள்ளே வருகிறது. அப்படி வரக்கூடியவை இரண்டுதான்: ஒன்று டீசல், இல்லையென்றால் ரேடியேட்டர் தண்ணீர்.

எது என்று பார்க்க என்னைக் கூப்பிட வேண்டியதில்லை. ராத்திரி முழுக்கச் சமமான இடத்தில் நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் பண்ணும் முன்பே குச்சியை உருவி, டீசல் வாடை வருகிறதா என்று முகர்ந்து பாருங்கள். அப்புறம் ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேயுங்கள். நல்ல ஆயில் என்றால் விரலைப் பிரிக்கும்போது மெல்லிசாக இழை விடும். டீசல் கலந்தது இழை விடாது, சும்மா வழுக்கும். தண்ணீர் என்றால் சந்தேகமே வராது, பால் விட்ட காப்பி நிறத்தில் கொழகொழவென்று இருக்கும். கொஞ்சம் தண்ணீர்தான் என்றால் சேம்பர், அதாவது இன்ஜினுக்குக் கீழே ஆயில் நிற்கும் தொட்டி, அதன் அடியில் உள்ள டிரெயின் போல்ட்டை லேசாக இளக்கினால் போதும். தண்ணீர் கனம், அடியில் தங்கியிருக்கும். ஆயிலுக்கு முன்னால் அதுதான் சொட்டும். அப்படிச் சொட்டினால் ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும்.

நீங்கள் கருப்பு என்று எழுதியிருப்பதால் எனக்கு டீசல் மேல்தான் சந்தேகம். இன்ஜின் பக்கவாட்டில் கையால் அடிக்கிற சின்ன லீவரோடு ஃபீட் பம்ப் இருக்கிறதே, அதற்குள் டயாபிரம் என்று ஒரு சவ்வு உண்டு. வருஷக்கணக்கில் அடித்து அடித்து அது விரிசல் விட்டால், டீசல் ஃபில்டருக்குப் போக வேண்டிய டீசல் சேம்பருக்குள் இறங்கிவிடும். முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள், பெரிய செலவில்லை. அது சரியாக இருந்தால் டீசல் பம்ப் சீல், அதற்கும் அப்புறம், டீசலைப் பீச்சாமல் சொட்டுப் போடுகிற நாசில்.

அதிகமாக இருப்பதை மட்டும் வடித்துவிட்டு ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். மிச்சம் நிற்பதும் டீசல் கலந்ததுதானே. நீர்த்துப்போன அது பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவில் நிற்காது, இரண்டும் உரசித் தேயும். வண்டி சூடேறியதும் ஆயில் பிரஷர் காட்டும் முள் சரிகிறதா என்று கவனித்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும். (முள்ளே வேலை செய்யாத வண்டிதான் என்னிடம் அதிகம் வருகிறது. ஆனால் பாட்டுப் பெட்டி மட்டும் எல்லா வண்டியிலும் பாடுகிறது.) கோளாறைச் சரிசெய்துவிட்டு ஆயில், ஃபில்டர் இரண்டையும் புதிதாகப் போடுங்கள்.

கேள்வி: வண்டி எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மணி மீட்டர் செத்துப் பல வருஷம் ஆகிறது. எப்போது ஆயில் மாற்றுவது என்று எப்படிக் கணக்கு வைப்பது?
— பாலக்கோடு வாசகர்

பதில்: டீசலை வைத்துக் கணக்குப் போடுங்கள். உங்கள் வண்டி உழவில் மணிக்கு 3 லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 450 லிட்டர் ஊற்றினால் 150 மணி நேரம் ஓடியிருக்கும். 200 லிட்டர் பேரல் வைத்திருப்பவருக்கு இரண்டே கால் பேரல். பல வண்டிகளுக்கு 250 மணி நேரம் என்று சொல்வார்கள். நம் செம்மண் புழுதியில் ஓடுகிற பழைய இன்ஜினுக்கு நான் 150ஐத் தாண்ட விடமாட்டேன். மாற்றிய நாளில் இருந்து ஊற்றும் டீசலை ஷெட் சுவரில் கரிக்கட்டியால் கோடு போட்டு வையுங்கள்.

கேள்வி: ஆயில் ஃபில்டர் மாற்றிய பிறகு அதன் கிண்ணத்தைச் சுற்றி ஆயில் கசிகிறது. எவ்வளவு முறுக்கினாலும் நிற்கவில்லை.
— ஊத்தங்கரை வாசகர்

பதில்: முறுக்குவதை நிறுத்துங்கள், போல்ட் மரை போய்விடும். மேலே கிண்ணம் உட்காரும் பள்ளத்தில் பழைய ரப்பர் ரிங் ஒட்டிக்கொண்டிருக்கும். கருத்து இறுகி, இரும்போடு இரும்பாகத் தெரியும். அதன்மேல் புது ரிங்கை வைத்தால் கசியாமல் என்ன செய்யும்?

இது நானே செய்த தப்பு. பட்டறையில் பையனாக இருந்தபோது கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாந்தோப்பில் ஆயில் மாற்றினேன். மெதுவாக ஓடும்வரை ஒன்றுமில்லை. ஆக்ஸிலேட்டரைக் கொடுத்ததும் பீச்சியடித்தது, பக்கத்தில் நின்ற தோட்டக்காரர் வேட்டி முழுக்க ஆயில். என் முதலாளி திட்டவில்லை. ஒரு கோணி ஊசியை வளைத்துக் கையில் கொடுத்து, "பள்ளத்தைத் தோண்டு" என்றார். உள்ளிருந்து ஒன்றல்ல, இரண்டு பழைய ரிங் வந்தது. எனக்கு முன்னால் மாற்றியவனும் என்னைப் போலத்தான் போலிருக்கிறது. அந்த ஊசி இன்னும் என் பெட்டியில் கிடக்கிறது.

கேள்வி: புது ஆயில் இரண்டே நாளில் கருத்துவிட்டது. கலப்படமா?
— பென்னாகரம் வாசகர்

பதில்: இல்லை. டீசல் இன்ஜினில் கரி உண்டாகத்தான் செய்யும், ஆயில் அதைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. அது அதன் வேலை. வடிக்கும்போது இன்ஜின் சூடாக இருந்ததா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். ஆறிய வண்டியில் வடித்தால் பாதிக் கசடு உள்ளேயே தங்கிவிடும்.

கேள்வி: இன்ஜினில் வடித்த ஆயிலை, காற்றில் வரும் புழுதியைப் பிடிக்கிற ஏர் கிளீனர் கிண்ணத்தில் ஊற்றலாமா?
— அரூர் வாசகர்

பதில்: வேண்டாம், புதுசே ஊற்றுங்கள், கொஞ்சம்தானே பிடிக்கும். கோட்டுக்கு மேல் போகக் கூடாது, போனால் இன்ஜின் அதை உறிஞ்சிக்கொள்ளும். புழுதி உழவு நடக்கும் நாட்களில் தினமும் சாயங்காலம் கிண்ணத்தைக் கழற்றி அடியில் விரலை விட்டுப் பாருங்கள். சேறு தட்டுப்பட்டால் கழுவி மாற்றுங்கள்.