ட்ரவுட் பிடிக்க மலைக்குப் போகிறீர்களா? முன்பணம் போடும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: வணக்கம் அண்ணே, தங்கச்சிமடத்தில் இருந்து எழுதுகிறேன். தடைக்காலத்தில் விசைப்படகு கரையில் நிற்கும்போது நாங்கள் மூன்று பேர் ஹிமாச்சலுக்குப் போய் ட்ரவுட் பிடிக்கலாம் என்று இருக்கிறோம். இன்ஸ்டாகிராமில் ஒரு ஏஜெண்ட், தீர்த்தன் பள்ளத்தாக்கில் ஐந்து நாள், ஆளுக்கு 28,000 ரூபாய், மீன் கேரண்டி என்கிறார். பாதியை இன்றைக்கே ஜிபேயில் போடச் சொல்கிறார். போடலாமா? கடலில் போடுகிற எங்கள் தூண்டில் ராடையே கொண்டுபோகலாமா?

பதில்: இன்றைக்குப் போடாதீர்கள் தம்பி. அந்த ஏஜெண்ட் யாரென்று எனக்குத் தெரியாது, நல்லவராகவும் இருக்கலாம். ஆனால் நீங்கள் சொல்கிற விளம்பரத்தில் முக்கியமான சங்கதியே இல்லை, உரிமம். மலை ஆற்றில் ட்ரவுட் தானாக வந்த மீன் இல்லை. வெள்ளைக்காரர் காலத்தில் வெளிநாட்டில் இருந்து முட்டையாகக் கொண்டுவந்து பொரிக்கவைத்து ஆற்றில் விட்டது. குலு பக்கம் பட்லிகுல்லில் அரசாங்கப் பண்ணையே இருக்கிறது, இன்றைக்கும் குஞ்சு வளர்க்கிறார்கள். அதனால் அங்கே தூண்டில் போட ஹிமாச்சல் மீன்வளத் துறையின் உரிமம் வேண்டும், ஆள் பெயரில், நாள் கணக்கில் தருவார்கள். நம் கடற்கரையில் பாலத்தடியில் நின்று தூண்டில் வீசுவது போல அங்கே வீச முடியாது. ஏஜெண்டிடம் முதல் கேள்வி இதுதான்: மூன்று பேருக்கும் தனித்தனியாக உரிமம் எடுத்துத் தருவீர்களா, எந்தெந்த நாளுக்கு, அந்தக் கட்டணம் 28,000-க்குள் வருகிறதா? அதை வாய்ச்சொல்லாக விடாமல் எழுத்தில் வாங்குங்கள். ஒரு நாளைக்கு எத்தனை மீன் எடுக்கலாம், எந்த அளவுக்குக் கீழே இருந்தால் திருப்பி விட வேண்டும், என்ன இரை போடலாம் என்பதற்கெல்லாம் விதி இருக்கிறது, உரிமம் எடுக்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம் அந்தக் 'கேரண்டி'. கடலுக்குப் போகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஓடுகிற தண்ணீரில் மீனுக்கு யாரும் பொறுப்பேற்க முடியாது. பொறுப்பேற்க முடிகிற ஒரே இடம் பண்ணைத் தொட்டி. அந்தப் பக்கம் தனியார் ட்ரவுட் பண்ணைகள் உண்டு, ஓடைத் தண்ணீரை நீளமான சிமெண்ட் தொட்டிகளில் திருப்பி விட்டு வளர்ப்பார்கள். சில இடங்களில் அதிலேயே தூண்டில் போடவிட்டு, பிடித்ததை எடை போட்டுக் கிலோ கணக்கில் காசு வாங்குவார்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆறு என்று சொல்லிக் காசு வாங்கிவிட்டுத் தொட்டியில் கொண்டுபோய் நிறுத்தினால் அது ஏமாற்று. ஆகவே 'தீர்த்தன் ஆற்றிலா, பண்ணையிலா, எத்தனை நாள் எதில்' என்று வாட்ஸ்அப்பில் கேட்டு பதிலைப் பத்திரமாக வையுங்கள். பின்னால் புகார் கொடுக்க வேண்டி வந்தால் அந்த விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் இந்தப் பதிலும்தான் உங்கள் சாட்சி.

பணம் தனிநபர் எண்ணுக்குப் போக வேண்டாம். நிறுவனத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குப் போகட்டும், ரசீது வரட்டும். ஹிமாச்சலில் டிராவல் ஏஜெண்டும் ஹோம்ஸ்டேயும் அந்த மாநிலச் சுற்றுலாத் துறையில் பதிந்திருக்க வேண்டும், பதிவு எண் கேட்டால் உண்மையானவர் உடனே தருவார். மலைச்சரிவால் சாலை அடைபட்டாலோ, ஆறு பெருகித் தூண்டில் போட முடியாமல் போனாலோ எவ்வளவு திரும்ப வரும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். மலையில் இது அடிக்கடி நடக்கும்.

நாள் விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம். நம் கிழக்குக் கரைத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அங்கே ட்ரவுட்டுக்குத் தடை நவம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை. ஆக நீங்கள் போகிற நேரம் அங்கே திறந்திருக்கும். ஆனால் வெயில் ஏற ஏறப் பனி உருகித் தண்ணீர் கூடும், கலங்கும். அதனால் நம் தடை தொடங்கியதுமே, ஏப்ரல் கடைசியில் போய்வந்துவிடுவது நல்லது. ஜூலை, ஆகஸ்ட் மழையில் அந்தப் பக்கமே வேண்டாம். டெல்லியில் இருந்து மணாலி போகும் இரவு பஸ்ஸில் ஏறி ஔட் சுரங்கத்துக்கு முன்னால் இறங்கினால் பஞ்சார் வழியாகத் தீர்த்தன் பக்கத்தில்தான். உரிமமும் அறையும் நீங்களே நேரில் எடுத்துக்கொள்ள முடியும் என்பதால், ஏஜெண்ட் சொல்கிற தொகையை அந்தச் செலவோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடல் ராடு வேண்டாம். பாறை மீனுக்கு 60 கிராம் ஜிக் என்கிற கனமான உலோக இரையை வீசுகிற ராடில், ஸ்பின்னர் என்கிற ஐந்து கிராம் சுழலும் இரையைக் கட்டினால் பத்தடிகூடப் போகாது. லைட் ஸ்பின்னிங் ராடு ஒன்று, சின்ன ரீல், இரண்டு மூன்று கிலோ தாங்கும் மெல்லிய தூண்டில் நரம்பு, சின்ன ஸ்பின்னர்கள், முதல் தடவைக்கு இது போதும். நரம்பு மெல்லியதாக இருப்பது முக்கியம், தெளிந்த தண்ணீரில் ட்ரவுட் மிரளும். விமானத்தில் போவதென்றால் தூண்டில் முள்ளெல்லாம் கையோடு கொண்டுபோகும் பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் போகட்டும்.

கேள்வி: கீழக்கரையில் இருந்து. ஒன்பது அடி ஃப்ளை ராடு செட் என்று ஆன்லைனில் 4,500 ரூபாய்க்கு வாங்கினேன். வந்தது சாதாரண ஸ்பின்னிங் ராடு. பெட்டியைப் பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார் விற்றவர்.

பதில்: அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. பிரிக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? இரண்டும் வேறு வேறு பொருள் என்பதையும் புகாரில் விளக்குங்கள். ஸ்பின்னிங்கில் லூர் என்கிற செயற்கை இரையின் எடைதான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும், ஃப்ளையில் கனமான நரம்பே பூச்சி போலக் கட்டிய எடையில்லாத இரையைச் சுமந்து போகும், ஆகவே ரீல், வளையம், பிடி எல்லாம் மாறும். விளம்பரப் படத்தையும் வந்த பொருளின் படத்தையும் வைத்து அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். புகார் கிடைத்தது என்று அவர் 48 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் கூப்பிடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் சரி. 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: தொண்டியில் இருந்து. வடக்கே போக வசதியில்லை. ஊட்டியில் ட்ரவுட் பிடிக்க முடியாதா?

பதில்: ஊட்டிக்குப் பக்கத்தில் அவலாஞ்சியில் ட்ரவுட் பொரிப்பகம் நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிறது, மீனும் உண்டு. சிக்கல் காடுதான். அவலாஞ்சிக் காட்டுக்குள் சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிப்போவது வனத்துறை வண்டி, நினைத்த இடத்தில் இறங்கித் தூண்டில் போட விடமாட்டார்கள். முக்குருத்தி தேசியப் பூங்கா பக்கம் அனுமதியில்லாமல் போனால் வழக்குதான். 'ஊட்டி ட்ரவுட் டூர்' என்று யாராவது விற்றால் மீன்வளத் துறை உரிமம், வனத்துறை அனுமதி இரண்டையும் காட்டச் சொல்லுங்கள், ஒன்று குறைந்தாலும் வாங்காதீர்கள். சொந்த வண்டியில் போனால் நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டும், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் அங்கே தடை. அறை போடும் முன் ஊட்டி மீன்வளத் துறை அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு இப்போது உரிமம் தருகிறார்களா என்று கேட்டுவிடுங்கள்.