புறவாசல் கோழிக்கூடு: காற்று, ஈரம், வெக்கை – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: புறவாசலில் ஆறடி நீளம், நாலடி அகலத்தில் செங்கல் சுவரும் தகரக் கூரையுமாகக் கூடு கட்டி, 12 நாட்டுக்கோழிகள் வளர்க்கிறோம். ஐப்பசி மழை தொடங்கியதும் குளிர் புகாதபடி கம்பிவலை முழுவதையும் பாலித்தீன் தாளால் மூடிக் கட்டினோம். இப்போது காலையில் கதவைத் திறந்தால் நமக்கே கண் எரிகிறது. இரண்டு கோழிகளுக்குக் கண்ணில் நீர் வடிகிறது. கூரையின் உட்புறம் தெர்மாகோல் ஒட்டினால் சரியாகுமா? (வாசகி, சேரன்மகாதேவி)

பதில்: தெர்மாகோலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் இன்றைக்கே அந்தப் பாலித்தீன் தாளின் மேல் விளிம்பை அவிழ்த்து, கூரையை ஒட்டி ஒரு சாண் அளவுக்காவது திறப்பு இருக்கும்படி இரு நீளப் பக்கங்களிலும் கீழே இறக்கிக் கட்டுங்கள். உங்கள் கோழிகளை வாட்டுவது குளிர் அன்று. வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிட்ட ஈரமும் அதனால் பிறக்கும் அம்மோனியா என்ற காரமான வாயுவுமே.

வளர்ந்த கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். சேரன்மகாதேவிப் பக்கத்து மார்கழி இரவு, நனையாத இறகு போர்த்த கோழிக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் ஒரு கோழி நாளொன்றுக்கு 200 மில்லி அளவு தண்ணீர் குடிக்கிறது. அதில் பெரும்பகுதி எச்சமாகவும் மூச்சாகவும் வெளியே வந்துவிடுகிறது. 12 கோழிகளுக்குக் கணக்குப் போட்டால் இரண்டு லிட்டருக்கு மேல் வரும் அந்த நீரில், இரவுப் பங்கு முழுவதும் பூட்டிய கூட்டுக்குள்ளேதான் தங்குகிறது. நள்ளிரவுக்கு மேல் தகரம் குளிர்ந்ததும் அந்த ஈரம் கூரையின் அடிப்பக்கத்தில் துளிதுளியாகக் கோத்து, மீண்டும் கூளத்தின் மேலேயே சொட்டுகிறது. நனைந்த கூளத்தில் நுண்ணுயிர்கள் பெருகி, எச்சத்திலுள்ள யூரிக் அமிலத்தைச் சிதைப்பதால்தான் கண்ணைக் கரிக்கும் அந்த வாடை எழுகிறது. காற்றில் பத்து லட்சத்தில் 20 பங்கு அளவுக்கு அம்மோனியா சேரும்போதுதான் நம்மில் பலருக்கு அது தெளிவாகத் தெரியும். 25 பங்கைத் தாண்டினால் கோழியின் கண்ணும் மூச்சுக்குழலும் புண்படத் தொடங்கும். ஆகவே நம் மூக்குக்கு எட்டிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. தினமும் கூட்டருகே புழங்குபவரின் மூக்கு அந்த வாடைக்குப் பழகியும் போயிருக்கும். விடியற்காலையில், கதவைத் திறந்த உடனே, கோழியின் தலை மட்டத்துக்குக் குனிந்து மூச்சு இழுத்துப் பாருங்கள். தகரத்தின் அடியில் கையால் தடவிப் பாருங்கள். கை நனைந்தால் மேலே திறப்பு போதவில்லை என்று பொருள்.

தாளின் அடி விளிம்பு சுவரோடு இறுகியே இருக்கட்டும். மேலே திறந்து கீழே மூடியிருந்தால் சூடேறிய ஈரக் காற்று கூரையோரமாக வெளியேறிவிடும். கொம்பில் உட்கார்ந்திருக்கும் கோழியின் மேல் காற்று நேரே அடிக்காது. பலர் இதைத் தலைகீழாகச் செய்து, மேலே கட்டிக் கீழே தொங்கவிடுகிறார்கள். அதனால் கோழி நனைகிறது, வாடையும் போவதில்லை. உட்காரும் கொம்பு தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், திறப்புக்கு நன்றாகத் தாழ்ந்து இருக்க வேண்டும். மழைச்சாரலுக்கு அஞ்சினால் திறப்பை மூடுவதற்குப் பதிலாக, கூரையின் இறவாரத்தை மூன்றடி வெளியே நீட்டிவிடுங்கள்.

ஈரக் கூளம் முழுவதையும் அள்ளிவிட்டு, உமியோ நிலக்கடலைத் தோலோ மூன்று அங்குல உயரத்துக்குப் பரப்பி, ஒன்று விட்டு ஒருநாள் கிளறிவிடுங்கள். கையில் அள்ளிப் பிடித்துவிட்டு விரலைத் திறந்தால் அது உதிர வேண்டும். கொழுக்கட்டை போல உருண்டு நின்றால் ஈரம் மிகுதி. சுண்ணாம்புத்தூள் தூவுவதானால் கோழிகள் மேயப்போன பகல் பொழுதில் மட்டும் தூவுங்கள், ஏனெனில் சுண்ணாம்பு பட்டதும் கூளத்திலுள்ள அம்மோனியா ஒரேயடியாகக் கிளம்பும். கண்ணில் நீர் வடியும் இரு கோழிகளையும் தனியே பிரித்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போட வேண்டாம். அதே அறிகுறி தொற்றுநோயாலும் வரும்.

கேள்வி: சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே கோழிகள் வாயைத் திறந்து, இறகை விரித்து இளைக்கின்றன. உள்ளே தெர்மாகோல் அடிக்கலாமா? ஈரச் சாக்குத் தொங்கவிடலாமா? (வாசகர், உவரி)

பதில்: கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. பெரும்பாலும் மூச்சு வாங்கித்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்ள முடியும், அதனால் நீங்கள் கண்ட இளைப்பு உண்மையான துன்பத்தின் அடையாளம். நம் ஊரில் வெப்பத்தடுப்பு என்பது வெயிலை வெளியே நிறுத்துவதற்குத்தான். அதைத் தகரத்தின் மேலேயே செய்வது நல்லது. தகரத்துக்கு மேல் மூங்கில் கழிகளைப் போட்டு, நாலு விரற்கிடை இடைவெளி விட்டுப் பனையோலையோ தென்னங்கிடுகோ வேய்ந்துவிடுங்கள். அந்த இடைவெளியில் காற்று ஓடுவதால் ஓலை வாங்கிய சூடு தகரத்துக்கு இறங்காது. ஓலை கிடைக்காவிட்டால், தகரத்தின் மேல்பக்கம் வெள்ளைச் சுண்ணாம்பு கெட்டியாக அடித்தாலே வேறுபாடு தெரியும். மழையில் கரைவதால் ஒவ்வொரு கோடைக்கும் புதிதாக அடிக்க வேண்டியிருக்கும்.

தெர்மாகோலைத் திறந்தபடி ஒட்டவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கோழி அதைக் கொத்தித் தின்னும். அதன் பின்னால் எலியும் உண்ணியும் குடியேறும். குஞ்சுகளுக்குப் போடும் பல்பின் சூட்டில் தீப்பற்றவும் கூடும். போட்டே ஆக வேண்டுமென்றால் அடியில் தகட்டை வைத்து முழுவதும் மூடிவிடுங்கள்.

ஈரச் சாக்கு உலர்ந்த காற்றில்தான் குளிர்ச்சி தரும். பாளையங்கோட்டை, கயத்தாறு போன்ற உள்நாட்டுப் பகுதிகளில் மதிய வேளையில் அது நன்றாகப் பயன்படும். உவரியில் கடற்காற்றே ஈரத்தோடு வீசுவதால், அது கூட்டுக்குள் ஈரத்தைக் கூட்டுமே தவிர வெக்கையைத் தணிக்காது. உங்களுக்கு நிழலும் தடையில்லாத காற்றோட்டமும்தான் வழி: பக்கச் சுவரை ஓரடிக்கு மேல் எழுப்பாமல் மீதியெல்லாம் வலையாக விடுங்கள், மேற்கே வேம்போ முருங்கையோ வையுங்கள், தண்ணீரை மண்கலயத்தில் நிழலில் வையுங்கள், தீவனத்தைக் காலையிலும் மாலையிலும் மட்டும் போடுங்கள்.

கேள்வி: ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றும் சாரலும் கூட்டையே உலுக்குகின்றன. மேற்கை முழுவதும் அடைத்துவிடலாமா? (வாசகர், தென்காசி)

பதில்: அடைத்துவிடுங்கள், ஆனால் மேற்கை மட்டும். கூட்டின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் மேற்கில் வருவது குறுகிய சுவர்தான். அதைச் செங்கல்லால் கூரை வரை எழுப்பினால் காற்றும் சாரலும் அங்கேயே நின்றுவிடும். காலை, மாலை வெயிலும் நீளப் பக்கங்களில் நேரே விழாது. வடக்கும் தெற்கும் கூரையோரத்தில் எப்போதும் திறந்தே இருக்கட்டும். காற்று கடுமையான நாள்களில் மட்டும் அந்தப் பக்கங்களின் கீழ்ப்பாதிக்குச் சாக்குப் படுதா போதும். திறப்பு எதுவானாலும் அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த வலை) அடியுங்கள். சாதாரணக் கோழிவலையைக் கீரியும் மரநாயும் பிய்த்துவிடும், அதன் கண் வழியாகப் பாம்பும் நுழைந்துவிடும்.