நாள்பட்ட வறட்டு இருமலுக்குச் சீனர்களின் பேரிக்காய் வைத்தியம் பலன் தருமா?

தொண்டைக்கு இதம் தரும். இருமலின் காரணத்தைத் தீர்க்காது. நீங்கள் கேட்பது, சுவான்பெய் என்ற கிழங்கின் பொடியைப் பேரிக்காயில் இட்டு அவிக்கும் பழைய வீட்டு மருந்து. சிச்சுவான், திபெத் பகுதிகளின் உயரமான மலைச்சரிவுகளில் விளையும் லில்லி இனச் செடியின் கிழங்கு அது. நல்ல சரக்கு வெள்ளையாக, பட்டாணி அளவில் இருக்கும்; பெரிய செதில் ஒன்று சின்னதை அணைத்துக்கொண்டிருக்கும். விலை அதிகம் என்பதால் மலிவான வேறு கிழங்குகளைக் கலந்து விற்பதுண்டு. பொடியாக வாங்கினால் கண்டுபிடிக்கவே முடியாது, முழுக் கிழங்காகவே வாங்குங்கள்.

பேரிக்காயின் தலைப்பகுதியை மூடியாக வெட்டி, விதைப்பகுதியைக் குடைந்தெடுத்து, சுமார் 3 கிராம் பொடியும் கற்கண்டும் போட்டு மூடி, கிண்ணத்தில் வைத்து முக்கால் மணி நேரம் ஆவியில் வேகவிடுவார்கள். சதை கண்ணாடி போலத் தெளிந்து, அடியில் சாறு ஊறி நிற்கும். பழம், சாறு இரண்டையும் வெதுவெதுப்பாகச் சாப்பிட வேண்டும்.

இந்தக் கிழங்கின் ஆல்கலாய்டுகள் என்ற வேதிப்பொருட்கள் இருமலைத் தணிப்பது விலங்கு ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது; மனிதர்களிடம் உறுதியான சான்று குறைவு. இதமான இனிப்புச் சாறுதான் பாதி வேலையைச் செய்கிறது என்பது என் கருத்து. சளி வெள்ளையாக, நீர்த்து வரும் குளிர் இருமலுக்குச் சீன வைத்தியர்களே இதைக் கொடுப்பதில்லை. சர்க்கரை நோயாளிகளும் கற்கண்டைத் தவிர்க்க வேண்டும்.

பெரியவர்களுக்கு இருமல் 8 வாரம் தாண்டினால்தான் மருத்துவத்தில் அது நாள்பட்டது. ஆஸ்துமா, நெஞ்செரிச்சல், எனலாபிரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரை என்று காரணங்கள் பல. ஆனால் 2 வாரம் தொடர்ந்தாலே காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள். இருமலில் ரத்தம் வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.